சில்லறையில் வந்த வள்ளுவர்

ஏற்காட்டுக்கு வரும் சில்லறையில் பெரும்பகுதி சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வருகிறது. நடத்துநரின் தோல்பையிலும், ஏரியில் படகுச் சீட்டுக்கு வரிசையில் நிற்பவரின் சட்டைப்பையிலும், மே மாதம் கோடை விழாவுக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் வருகிறவர்களின் முடிச்சிலும் அது மலையேறுகிறது. பெங்களூரில் புழங்கிய காசும் ஈரோட்டில் புழங்கிய காசும் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றியுள்ள கடைகளின் கல்லாவில் கலந்து கிடக்கும். புழக்கத்திலிருந்தே நினைவு நாணயம் பொறுக்க நினைப்பவருக்கு இப்படி ஊர்ஊராய்க் காசு வந்து சேரும் சுற்றுலாத் தலம் தோதான இடம்.

அதே கல்லாவைச் சுற்றி இரண்டு வதந்திகளும் உலவுகின்றன. ஒன்று, பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்பது. இன்னொன்று, அம்மன் படம் போட்ட ஐந்து ரூபாய் அல்லது பத்து ரூபாய் நாணயம் லட்சக்கணக்கில் விலைபோகும் என்பது. இரண்டையும் ஒரே ஆள் நம்புவதுண்டு. செல்லும் காசைச் செல்லாது என்று தள்ளுகிறார். பத்து ரூபாய்க்கு மேல் பெரிதாகப் பெறாத காசை லட்சம் என்று பூட்டி வைக்கிறார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். காசை வாங்குகிறோம், எண்ணுகிறோம், வாசிப்பதில்லை. விலை என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கையிலிருப்பது எந்தக் காசு என்று பிழையில்லாமல் சொல்லத் தெரிந்துவிட்டால், விலைக்கான விடையில் முக்கால் பங்கு அதிலேயே வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு காசை எடுத்துக்கொள்வோம். 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டி மத்திய அரசு திருவள்ளுவர் உருவத்துடன் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைப் புழக்கத்துக்கே விட்டது. மூன்றிலும் எளியது ஒரு ரூபாய். துருப்பிடிக்காத எஃகு, 25 மில்லிமீட்டர் விட்டம், 4.85 கிராம் எடை. இன்றைக்கு இந்தக் காசு கல்லாவில் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 2011இல் ரூபாய்க் குறியோடு புது வரிசை வந்தபோது ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டராகச் சுருங்கியது. புது இரண்டு ரூபாய்க்கு 25 மில்லிமீட்டரும் 4.85 கிராமும் கொடுத்தார்கள். ஆக பழைய ஒரு ரூபாயும் புது இரண்டு ரூபாயும் அளவிலும் எடையிலும் அண்ணன் தம்பி. அவசரத்தில் வள்ளுவர் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகக் கை மாறிவிடுகிறார். விரலால் எண்ணுகிறவருக்கு அது தெரியாது. ஒரு முறை திருப்பிப் பார்த்தவருக்குத் தெரியும்.

திருப்பிப் பார்க்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு பக்கம் அசோகரின் சிங்கத் தூணும் மதிப்பும். மறுபக்கம் யாரை அல்லது எதை நினைவுகூர்கிறார்களோ அந்த உருவமும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாசகமும். பெரும்பாலான காசுகளில் ஆண்டுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால் தெளிவாகத் தெரியும் அளவில் ஒரு சின்னக் குறி. வைர வடிவம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் குறியில்லாத காசைத் தவறாக அடிபட்ட அபூர்வக் காசு என்று விலை சொல்கிறவர்களைப் பார்க்கலாம். நாட்டின் மிகப் பழைய நாணயச்சாலைகளில் ஒன்று தன் காசில் அடையாளம் இடுவதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. காந்தி நூற்றாண்டுக்காக 1969இல் வெளியான 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களில் இருப்பது 1869–1948 என்ற எண்கள். அவை அவர் வாழ்ந்த ஆண்டுகள். அதை அச்சான ஆண்டாக எடுத்துக்கொண்டு ‘1948ஆம் வருடத்துக் காசு’ என்று சொல்லி விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கே 1957இல்தான் வந்தது; 1948இல் 20 பைசா எங்கிருந்து வரும்? காசின் மேல் இருக்கும் எண்ணைவிட அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது முக்கியம். நூற்றாண்டு நாணயங்கள் பலவற்றில் இந்தக் குழப்பம் உண்டு.

அடுத்தது உலோகம். இதற்கு அறிவியல் கூடம் வேண்டாம். ஒரு காந்தமும் கிராமில் ஒரு தசமம் காட்டும் தராசும் போதும். குரோமியம் கலந்த, காந்தம் பிடிக்கும் வகை எஃகில்தான் நம் எஃகுக் காசுகளை அடிக்கிறார்கள். செம்பு-நிக்கல் கலவைக் காசு காந்தத்தில் ஒட்டாது. ஐந்து ரூபாயில் இந்தச் சோதனை மிகவும் பயன்படும். 1990களின் தடித்த ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல், 23 மில்லிமீட்டர், 9 கிராம். பின்னால் வந்த எஃகுக் காசும் அதே 23 மில்லிமீட்டர்தான், ஆனால் 6 கிராம். மாற்றம் நடந்த அந்தச் சில ஆண்டுகளில், ஒரே நினைவு நாணயம் இரண்டு உலோகத்திலும் வந்தது. தண்டி யாத்திரையின் 75ஆம் ஆண்டு நாணயம் அப்படி. 2006இன் பசவேஸ்வரர் நாணயமும் அப்படி. படம் ஒன்று, வாசகம் ஒன்று, ஆண்டும் ஒன்று. சேகரிப்பவருக்கு அவை வெவ்வேறு காசுகள். புகைப்படத்தை மட்டும் பார்த்து விலை கேட்பவருக்கு நாணய வியாபாரி பதில் சொல்லத் தயங்குவது இதனால்தான். படத்தில் மூன்று கிராம் தெரியாது.

எஃகு என்று வந்த பிறகு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிடலாம். லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் சேலம் நகரம் காலடியில் விரியும். நகரத்துக்கு மேற்கே கஞ்சமலை. அதன் அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை. துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்கி, நாணய வில்லைகளாக வெட்டித் தரும் பிரிவு அங்கே இருக்கிறது. வில்லை என்றால் முத்திரை விழாத வெறும் வட்டத் தகடு. நாணயச்சாலைக்குப் போய்ச் சிங்கமும் எண்ணும் பதிந்த பிறகுதான் அது காசு. அந்தப் பிரிவின் திறன் ஆண்டுக்கு 3,600 டன். பாத்திரத் தொழிலுக்கான வட்டங்களும் அதில் அடக்கம். இருந்தாலும் ஒரு கணக்குக்காக, அத்தனையும் பழைய 4.85 கிராம் ஒரு ரூபாய் வில்லையாகவே வெட்டினால் 74 கோடிக் காசு வரும். எவர்சில்வர் ஊர் என்று பெயரெடுத்த சேலத்துக்காரர்கள் தங்கள் சட்டைப்பையில் கிடக்கும் காசோடு இப்படி ஓர் உறவு இருப்பதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

மலைக்கும் உலோகத்துக்கும் இன்னொரு பழைய தொடர்பு பாக்சைட். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூரிலிருந்த மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. அதே காலத்தில்தான் நாட்டின் சின்னக் காசுகள் அலுமினியத்துக்கு மாறின. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் நோக்கங்களை நினைவூட்டும் வாசகங்களோடு 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஆண்டுதோறும் வந்த நெளிவிளிம்புப் பத்துப் பைசாக்கள் இந்த வகை. திட்டமிட்ட குடும்பம், வளர்ச்சிக்குச் சேமிப்பு, 1979இல் குழந்தைகள் ஆண்டு, 1980இல் கிராமப் பெண்கள் முன்னேற்றம் என்று அரசாங்கம் மக்களுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் பத்துப் பைசாவில் அடித்துக் கொடுத்தது. இந்திய நினைவு நாணயங்களிலேயே எனக்குப் பிடித்தவை இவைதான். தலைவர்கள் முகம் இல்லை. குடும்பமும் குழந்தையும் பயிரும்தான்.

இந்தக் காசுகளின் சட்ட நிலை ஒரு நுட்பமான விஷயம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவையாகிவிட்டன. எனவே 1979இன் பத்துப் பைசாவுக்கு இன்று முகமதிப்பு பூஜ்யம். சேகரிப்பவர் ஒருவர் வேண்டும் என்று சொன்னால் மட்டுமே அதற்கு விலை. ஐம்பது பைசா இன்னும் சட்டப்படி செல்லும் காசு. 1964இல் வந்த நேரு ஐம்பது பைசாவைக் கடையில் வாங்கமாட்டார்கள் என்பது வேறு கதை. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அந்த நேரு ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும்தான். ஐம்பது பைசாவில் பெயர் இந்தியில் உள்ளது ஒன்று, ஆங்கிலத்தில் உள்ளது ஒன்று என இரண்டு வகை உண்டு.

மஞ்சள் நிறத்தில் மின்னும் பழைய இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் ஒரு தலைமுறைக்கு இருந்தது. தாமரை போட்டதாக இருந்தாலும் காந்தி போட்டதாக இருந்தாலும் அது செம்பை முதன்மையாகக் கொண்ட கலவை. தங்கம் துளியும் கிடையாது. உண்மையில் உலோகத்துக்காகவே மதிப்புள்ள நினைவு நாணயம் வேண்டுமென்றால் அதே 1969இன் காந்தி பத்து ரூபாயைத்தான் பார்க்க வேண்டும். 15 கிராமில் 80 விழுக்காடு வெள்ளி, அதாவது 12 கிராம். அன்றைய வெள்ளி விலையைப் பன்னிரண்டால் பெருக்கினால் அதற்குக் கீழே விற்கக் கூடாத தொகை கிடைத்துவிடும். தேய்ந்திருந்தாலும் அந்த அடித்தளம் அப்படியேதான் இருக்கும்.

தமிழ்நாட்டோடு சேர்ந்த நாணயங்கள் 1995க்குப் பிறகும் நின்றுவிடவில்லை. காமராசர் நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய், அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் ஐந்து ரூபாய், பசுமைப் புரட்சியின் பெயரோடு சேர்ந்த சி.சுப்பிரமணியத்துக்கு 2010இல் ஐந்து ரூபாய், அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஐந்து ரூபாய். அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே பதிந்திருக்கிறது. வள்ளுவரை வைத்து வெளியிட்ட நாணயத்தில்கூட வாசகம் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது என்பதை நினைத்தால், சில்லறையில் வந்த அந்தத் தமிழ்க் கையொப்பம் சாதாரணமானதல்ல.

இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பெரிய கோயிலுக்கு ஐந்து ரூபாய் மட்டுமல்ல, ஆயிரம் ரூபாய் நாணயம் ஒன்றும் வந்தது. 35 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் வெளியான கருணாநிதி நூறு ரூபாய் நாணயமும் அந்த வகை: 35 கிராம், பாதி வெள்ளி, ‘தமிழ் வெல்லும்’ என்ற தமிழ் வாசகம். இவை நாணயச்சாலையிலிருந்து பெட்டியில் வைத்து, முகமதிப்பைவிட அதிக விலைக்கு விற்கப்படுபவை. ஏற்காட்டுக் கல்லாவுக்கு வராதவை. பெரிய கோயில் என்றதும் ஆயிரம் ரூபாய்க் காசுக்குச் சொல்லப்படும் விலையைத் தன் கையிலுள்ள ஐந்து ரூபாய்க்கு ஒட்டிப் பார்ப்பதில்தான் பாதி ஏமாற்றம் தொடங்குகிறது. இரண்டிலும் கோயில் ஒன்றே, காசு வேறு.

சரி, புழக்கத்துக்கு வந்த காசுக்கு விலை எப்படி அமைகிறது? முதலில் எண்ணிக்கை. பிரிட்டனில் 2009இல் க்யூ தாவரவியல் பூங்காவின் 250ஆம் ஆண்டுக்கு வந்த ஐம்பது பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே அடிக்கப்பட்டது. அதனால்தான் அரை பவுண்டு காசு நூறு பவுண்டைத் தாண்டிப் போகிறது. இந்தியாவில் புழக்கத்துக்கு விடும் நினைவு நாணயம் பொதுவாக லட்சத்தில் அடங்காது, கோடிக்கணக்கு. கோடியில் இருக்கும் ஒரு பொருள் அபூர்வம் ஆக வேண்டுமென்றால் வேறு ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாணயச்சாலையில் மட்டும் குறைவாக அடித்திருக்கலாம். ஒரு உலோகத்தில் கொஞ்சமே வந்திருக்கலாம். அல்லது உருக்கப்பட்டிருக்கலாம். 2007 வாக்கில் இந்தியக் காசுகள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடுகளாக மாறுகின்றன என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. காசின் உலோகம் முகமதிப்பைத் தாண்டும்போதெல்லாம் இது நடக்கும். கனமான செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் கண்ணில் அரிதாகப் படுவதற்கும், அரசு எஃகுக்கும் குறைந்த எடைக்கும் போனதற்கும் பின்னால் இந்த அரித்மெட்டிக்தான் இருக்கிறது. 2011இன் நாணயச் சட்டம் காசை உருக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

இரண்டாவது நிலைமை. கை படாத காசை நாணய வட்டாரத்தில் ‘யுஎன்சி’ என்பார்கள். சில்லறையில் சுற்றி வந்த வள்ளுவர் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாயும் கொஞ்சமும்தான். அச்சின் பளபளப்பு மாறாத அதே காசுக்குப் பல மடங்கு. சிங்கங்களின் பிடரி, உருவத்தின் நெற்றி, மூக்கு நுனி இவையே முதலில் தேயும் இடங்கள். காசைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அந்த மேடுகள் மழுங்கியிருப்பது தெரிந்துவிடும். புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவரும் காசை வியாபாரி தொட்டதும் கீழே வைத்துவிடுவார். தேய்த்த காசில் வரும் மினுமினுப்பு அச்சின் மினுமினுப்பு இல்லை. அது மேல் தோலை உரித்த மினுமினுப்பு. மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் மென்மையான பிவிசி உறையில் வைத்தாலும் செம்புக் கலவைக் காசில் பச்சை பிடித்துவிடும். காகித மடிப்பு மேல்.

மூன்றாவது, யார் வாங்குகிறார் என்பது. இணையத்தில் ஒருவர் எழுதி வைத்த விலை விலையல்ல, அது ஆசை. ஏலத்தில் விற்று முடிந்த தொகைதான் விலை. அதிலும் வியாபாரி தன் வாடகைக்கும் லாபத்துக்கும் இடம் விட்டுத்தான் வாங்குவார்.

அம்மன் படக் காசின் கதை இந்த மூன்றையும் மீறிப் பிறந்தது. மாதா வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்கு 2012இல் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் வெளியாயின. எண்ணிக்கை ஏராளம். ஆனால் கைப்பேசியில் சுற்றிய செய்திகள் அதை வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி, லட்சங்கள் கிடைக்கும் என்றன. அழைத்தவரிடம் பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் பறிக்கும் கும்பல்கள் கிளம்பின. சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தினார்கள். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி, பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. விற்கிறவனிடமே முதலில் பணம் கேட்கும் வியாபாரம் உலகத்தில் எங்குமில்லை என்ற ஒரு யோசனை இருந்தால் அந்த அறிவிப்பே தேவைப்பட்டிருக்காது.

எதிர்ப்பக்க வதந்தியின் கதை இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அதைக் கிளப்பியதில் நினைவு நாணயங்களுக்கே பங்குண்டு. பத்து ரூபாய் நாணயத்தில் படம் மாறிக்கொண்டே வந்தது. ஹோமி பாபா, ரிசர்வ் வங்கியின் பவள விழா, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, வைஷ்ணோ தேவி, கயிறு வாரியம், அம்பேத்கர் 125, சின்மயானந்தர் என்று வரிசை நீண்டது. விளிம்பு வளையத்தில் சிலவற்றுக்குப் பதினைந்து கோடுகள், ரூபாய்க் குறி உள்ளதற்குப் பத்து. 2016இல் டெல்லிப் பக்கம் போலி நாணயப் பட்டறை பிடிபட்ட செய்தியும் சேர்ந்துகொண்டது. பத்துக் கோடு உள்ளதுதான் அசல், மற்றது போலி என்று பேச்சு பரவியது. 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்றது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கடைக்காரர்கள் அதற்குப் பிறகும் கை நீட்டவில்லை. 2022இல் தர்மபுரி மாவட்டத்து அரூரைச் சேர்ந்த ஒருவர், யாரும் வாங்காத பத்து ரூபாய் நாணயங்களைத் திரட்டி ஆறு லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினார். நாணயம் ஒன்று 7.71 கிராம், 60,000 நாணயம் என்றால் 460 கிலோவுக்கு மேல். அதே ஆண்டு சேலத்தில் ஓர் இளைஞர் 2.6 லட்சம் ஒரு ரூபாய்க் காசுகளைக் கொடுத்து மோட்டார் சைக்கிள் எடுத்தார். கடைக்காரர்கள் எண்ணி முடிக்கப் பத்து மணி நேரம் ஆனதாகச் செய்திகள் சொல்லின. அத்தனையும் புது 3.79 கிராம் காசாக இருந்தால்கூட 985 கிலோ. அந்தக் குவியலில் வள்ளுவரும் இருந்திருப்பார் என்று எனக்கொரு நம்பிக்கை. பத்து மணி நேரம் எண்ணியவர்கள் படம் பார்த்திருக்க மாட்டார்கள்.

சந்தேகம் தீராதவருக்கு ஒரு ஆவணம் இருக்கிறது, அதை அதிகம் பேர் புரட்டுவதில்லை. ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் மத்திய நிதி அமைச்சகம் அரசிதழில் விதி வெளியிடும். உலோகக் கலவையின் விகிதம், விட்டம், எடை, விளிம்பில் எத்தனை பல், இரு பக்கமும் என்ன உருவம், என்ன எழுத்து, எத்தனை மில்லிகிராம் வரை எடை கூடலாம் குறையலாம் என்பது வரை அதில் இருக்கும். நாணயத்தை வெளியிடுவது மத்திய அரசு. ரிசர்வ் வங்கியின் வேலை அதைப் புழக்கத்துக்கு அனுப்புவது. எனவே அசலா போலியா என்ற கேள்விக்குக் கடைசி வார்த்தை அந்த அரசிதழ்தான், கைப்பேசியில் வந்த படமல்ல.

2011 சட்டத்தின் ஆறாவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரைக்குமான தொகைக்கே சட்டப்படி செல்லுபடியாகும். ஐம்பது பைசாவுக்கு வரம்பு பத்து ரூபாய். ஆக, அந்த 2.6 லட்சத்தை வாங்கிக்கொண்டவர்கள் சட்டத்துக்குப் பயந்து வாங்கவில்லை. மறுத்திருந்தாலும் சட்டம் அவர்கள் பக்கம்தான் நின்றிருக்கும். ஏற்காட்டு டீக்கடையில் இரண்டு டீக்கு நீட்டும் பத்து ரூபாய் நாணயங்களை, அவற்றில் ஹோமி பாபா இருந்தாலும் வைஷ்ணோ தேவி இருந்தாலும், செல்லாது என்று தள்ளுவதற்கு அந்த வரம்பும் இடம் தரவில்லை.